பிலிம் கேமராவைப் புதிதாகச் செய்யத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கேமராவை?

திருப்பூரிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். தாத்தா விட்டுச் சென்ற யாஷிகா எலக்ட்ரோ 35 ஓடவில்லை. திருப்பூரிலும் ஈரோட்டிலும் விசாரித்தும் அதைத் திறந்து பார்க்க ஆள் கிடைக்கவில்லை. இந்த நிலையில் கேமரா நிறுவனங்கள் புதிதாக பிலிம் கேமராக்களைத் தயாரிக்க வேண்டாமா, அல்லது உலகெங்கும் கிடக்கும் பழைய கேமராக்களே போதும் என்று விட்டுவிடலாமா என்பது அவருடைய கேள்வி. கூடவே, ‘மோட்டாரும் பம்ப்செட்டும் மில் இயந்திரமும் செய்கிற கோயம்புத்தூரில் ஒரு கேமரா செய்ய முடியாதா?’ என்றும் கேட்டிருக்கிறார். கேள்வி நிறுவனங்களைப் பற்றியதாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் கவலை வேறு என்று எனக்குப் படுகிறது. இன்று பிலிமில் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறவர் பத்து ஆண்டுகள் கழித்தும் அதைத் தொடர முடியுமா? கையில் ஓடுகிற கேமரா இருக்குமா? பழுதானால் பார்க்க யாராவது இருப்பார்களா? இந்தக் கவலைக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கோவை டவுன்ஹால் பகுதியில் கேமரா பழுது பார்ப்பது என் தொழில். எண்பதுகளில் ஓர் ஆசானின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றேன். அப்போது எங்களுக்குச் சோறு போட்டவை கல்யாண ஸ்டூடியோக்காரர்களின் கேமராக்கள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, ஷட்டர் நின்றுபோன கேமராவோடு கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கடைசி பஸ்ஸில் வந்து கடை வாசலில் நிற்பார்கள். விடிவதற்குள் சரிசெய்து கொடுக்காவிட்டால் ஒரு குடும்பத்தின் இணைச்சீர்ச் சடங்கு படம் இல்லாமல் போய்விடும். ஆகவே கேமராவின் உட்புறத்தைப் பற்றி நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். முதலீடு, விற்பனை, லாபம் பற்றிச் சொல்வதெல்லாம் பட்டறை மேசையிலிருந்து பார்த்த ஒருவனின் கணிப்பு. அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கேமரா. எலக்ட்ரோ 35 வரிசை 1966 இல் வந்தது. அதில் ஷட்டர் வேகத்தை ஒரு மின்சுற்று முடிவு செய்கிறது. அதற்கென்று இருந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. பேட்டரி இல்லாமல் அழுத்தினால் எல்லாப் படத்தையும் 1/500 நொடியில்தான் எடுக்கும். ஆகவே ‘படம் இருட்டாக வருகிறது’ என்பது பல நேரங்களில் பழுதே அல்ல. இன்று கிடைக்கும் 6 வோல்ட் பேட்டரியை ஒரு அடாப்டரில் வைத்துப் போட்டால் போதும். அப்படிப் போட்ட பிறகும் விளக்குகள் எரியவில்லை, பிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது உள்ளே ‘டக்’ என்ற ஓசையும் கேட்கவில்லை என்றால் நான் முதலில் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. உள்ளே ஒரு தண்டின் அடியில் சில மில்லிமீட்டர் அளவில் ஒரு ரப்பர் துண்டு இருக்கும். ஐம்பது ஆண்டுகளில் அது மக்கி, தொட்டால் உதிரும் பிசினாகிவிடும். அது போனதும் தண்டு தன் முழுத் தூரத்துக்கு ஏறாது; மின்தொடர்புகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. மேல்தகட்டைக் கழற்றி, பழைய பிசினைச் சுத்தம் செய்து, அதே கனத்தில் ஒரு ரப்பர் துண்டை வெட்டி ஒட்ட வேண்டும். அந்தத் துண்டு கடையில் விலைக்குக் கிடைக்காது, நாங்களே வெட்டிக்கொள்கிறோம். உங்கள் கேமராவின் கோளாறு இதுதான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். இந்த மாடலில் அடிக்கடி வருவது இது.

இனி பெரிய கேள்வி. செய்ய வேண்டும் என்பதே என் பதில். ‘பழையவையே போதும்’ என்பவர்கள் எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள். பென்டாக்ஸ் கே1000 என்ற ஒரே மாடல் 1976 முதல் 1997 வரை 30 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதுபோல எத்தனையோ மாடல்கள். பரண்களிலும் பீரோக்களிலும் அவை இன்னும் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் இருப்பது வேறு, ஓடுவது வேறு. கே1000 ஒன்றில் பல்சக்கரம் தேய்ந்தால் புதுச் சக்கரம் வாங்க வழியில்லை. இன்னொரு கே1000 ஐப் பிரித்து அதிலிருந்து எடுக்கிறேன். ஒன்றைப் பிழைக்க வைக்க ஒன்றைப் பலி கொடுக்கிறேன். என்னைப் போன்றவர்கள் உலகெங்கும் நாள்தோறும் செய்வது இதுதான். ஆகவே பழுது பார்க்கப் பார்க்க மொத்த இருப்பு குறைகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மின்னணுப் பாகங்கள் நிறைந்த கேமராக்களின் நிலை இன்னும் மோசம். தொண்ணூறுகளில் வந்த ஒலிம்பஸ் மியூ II, கான்டாக்ஸ் டி2 போன்ற சட்டைப்பைக் கேமராக்களை இளைஞர்கள் இன்று பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். உள்ளே வளைந்து செல்லும் மெல்லிய மின்பட்டையில் ஒரு விரிசல் விழுந்தாலோ, கட்டுப்பாட்டுச் சில்லு செத்தாலோ என்னால் ஒன்றும் செய்ய இயலாது. அந்தச் சில்லை இன்று எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. அப்படிப்பட்ட கேமராவை அரை லட்சம் கொடுத்து வாங்கிய ஒருவரிடம் இதைச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கஷ்டமான வேலை.

நம் பக்கத்துத் தட்பவெப்பமும் தூசியும் வேறு. வால்பாறை எஸ்டேட்டுகளிலிருந்து வரும் லென்ஸ்களை விளக்குக்கு நேரே பிடித்தால் உள்கண்ணாடியில் பூஞ்சை கிளைவிட்டுப் படர்ந்திருக்கும். கண்ணாடியின் மேற்பூச்சை அது தின்றுவிட்டிருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. மில் குடியிருப்புகளிலிருந்து வரும் கேமராக்களில் பஞ்சு. அடித்தகட்டைக் கழற்றினால் பல்சக்கரங்களுக்கு இடையே பஞ்சிழையும் பழைய கிரீஸும் சேர்ந்து கறுத்துத் திரண்டிருக்கும். ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, பெட்ரோலில் கழுவி, சொட்டு எண்ணெயைத் தேவையான இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். எண்ணெய் கொஞ்சம் கூடினால் அது பரவி ஷட்டர் இலைகளில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கேமராக்கள் இத்தனையையும் தாங்கிக்கொண்டு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடியதே பெரிய காரியம். இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஓடும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

ஆனால் உதிரி பாகங்கள் தீர்ந்துபோவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, செய்யத் தெரிந்தவர்கள் தீர்ந்துபோவது. இதைப் புரியவைக்க ஷட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கே1000 போன்ற கேமராவில் பிலிமுக்கு முன்னால் ரப்பர் பூசிய துணியாலான இரண்டு திரைகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை ஓடி பிலிமைத் திறக்கிறது. இரண்டாம் திரை பின்னாலேயே ஓடி மூடுகிறது. படத்தின் 36 மில்லிமீட்டர் அகலத்தைக் கடக்க ஒரு திரைக்கு ஏறக்குறைய 1/70 நொடி ஆகிறது. அப்படியானால் 1/1000 நொடி எப்படிக் கிடைக்கிறது? முதல் திரை முழுவதும் ஓடி முடிப்பதற்குள் இரண்டாம் திரை புறப்பட்டுவிடுகிறது. இரண்டுக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கீற்று மட்டும் பிலிமின் மேல் ஊர்ந்து போகிறது. பிலிமின் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தக் கீற்று கடக்கும் நேரம் மட்டுமே வெளிச்சம். இரண்டாம் திரையை இழுக்கும் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தால் கீற்று போகப் போக விரியும். வானத்தின் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் வெளுத்தும் வரும். முதல் திரை தளர்ந்தால் கீற்று சுருங்கி, ஓரம் இருண்டுபோகும். இரண்டு ஸ்பிரிங்குகளின் இழுவிசையையும் சிறு சிறு திருப்பாகத் திருப்பி, படத்தின் இரு ஓரங்களிலும் நேரத்தை அளந்து, சமன் ஆகும் வரை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். அரை நாள் போய்விடும்.

டிஜிட்டல் கேமராவிலும் ஷட்டர் உண்டுதான். ஆனால் பிலிம் கேமராவில் ஒரே நெம்புகோல் தள்ளலில் பல வேலைகள் நடக்க வேண்டும். பிலிம் அதன் ஓரத்திலுள்ள துளைகளில் எட்டுத் துளை தூரம், அதாவது 38 மில்லிமீட்டர், கூடாமல் குறையாமல் நகர வேண்டும். ஷட்டர் இழுபட்டுப் பூட்டிக்கொள்ள வேண்டும். எண்காட்டி ஒன்று ஏற வேண்டும். படம் எடுக்கும் வரை நெம்புகோல் மறுபடி நகரக் கூடாது. இத்தனையையும் மோட்டார் இல்லாமல், சில்லு இல்லாமல், சக்கரமும் கொக்கியும் ஸ்பிரிங்கும் கொண்டு செய்வது தனிக் கலை. வரைபடம் கையில் இருந்தால்கூட, எந்தக் கொக்கிக்கு எவ்வளவு அசைவு இடைவெளி விட வேண்டும், எந்த உரசல் பரப்பை மெருகேற்ற வேண்டும் என்பதெல்லாம் செய்தவர்கள் சொன்னால்தான் தெரியும். ரிக்கோ நிறுவனம் 2022 டிசம்பரில் பென்டாக்ஸ் பெயரில் பிலிம் கேமராத் திட்டத்தை அறிவித்தபோது அவர்களுக்கும் இதே சிக்கல்தான். கையால் பிலிம் நகர்த்தும் அமைப்பைச் செய்ய, பழைய தலைமுறைப் பொறியாளர்களின் உதவியோடு இளம் பொறியாளர்கள் கற்க வேண்டியிருந்தது. 2024 இல் பென்டாக்ஸ் 17 வந்தது. இன்னும் பதினைந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால் கேட்பதற்கு யார் இருந்திருப்பார்கள்? புதிய கேமராக்கள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது. பழைய நினைவுகள் எனக்கும் உண்டு. ஆனால் நினைவுக்காக யாரும் தொழிற்சாலை நடத்த முடியாது. கைத்திறன் அறுந்துபோகாமல் இருக்க ஏதாவது ஒன்று தயாரிப்பில் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது, எந்த மாதிரிக் கேமரா? இன்று புதிதாகக் கிடைப்பவற்றைப் பார்ப்போம். மேல்தட்டில் லைகா. 1984 இல் வந்த எம்6 ஐ 2022 இல் மறுபடி தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை 5,000 டாலருக்கு மேல். அருமையான வேலைப்பாடு, ஆனால் நம் ஊரில் அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் ஒரு கார் வாங்கலாம். கீழ்த்தட்டில் கோடாக் பெயரோடு வரும் எக்டார் எச்35 போன்ற பிளாஸ்டிக் கேமராக்கள். ஒரே ஷட்டர் வேகம், வெளிச்சம் புகும் துளையும் ஒரே அளவு, குவியம் திருப்பும் வேலையே இல்லை. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவரை உள்ளே இழுக்க இது உதவும் என்பதை மறுக்க மாட்டேன். பழுதானால் தூக்கி எறிய வேண்டியதுதான். நடுவில் ஹாங்காங்கின் மின்ட் நிறுவனம் செய்த ரோலை 35ஏஎஃப், பிறகு பென்டாக்ஸ் 17. பென்டாக்ஸ் 17 ஐ ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்தபோது ஆசையோடு கையாண்டு பார்த்தேன். நெம்புகோலின் ஓட்டம் வழுவழுப்பாக இருக்கிறது. மேல்தகடும் அடித்தகடும் மக்னீசியக் கலவை உலோகம். ஒரு படத்துக்கான சட்டத்தை (ஃபிரேம்) பாதியாகப் பிரித்து 36 படச் சுருளில் 72 படம் எடுக்கிறது. பிலிம் விற்கும் விலைக்கு அது புத்திசாலித்தனமான முடிவு. குறை என்று பார்த்தால், பேட்டரி தீர்ந்தால் கேமரா நின்றுவிடும். தூரத்தைக் கண்மதிப்பில் வைக்க வேண்டும். 2024 இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் இருந்த 500 டாலர் என்ற விலையே நம் மாணவர்களுக்கு அதிகம். ஆனாலும் இன்று ஒரு பெரிய நிறுவனம் துணிந்து இதைச் செய்ததற்கு நான் தலைவணங்குகிறேன்.

கேமரா பிரியர்கள் கூடும் இடங்களில் எல்லாம், நிக்கான் எஃப்எம்2 ஐ அப்படியே மறுபடி செய்ய வேண்டும் என்ற பேச்சு வரும். 1982 முதல் 2001 வரை வந்த அந்தக் கேமராவை நானும் போற்றுகிறேன். 1/4000 நொடி வரை போகும் இயந்திர ஷட்டர் சாதாரண வேலை அல்ல. ஆனால் இன்றைய சிறிய சந்தைக்காக அதை மறுபடி செய்தால் விலை எங்கோ போய் நிற்கும், வாங்குகிறவர் கண்ணாடி அலமாரியில் வைப்பார். நான் கேட்பது அதைவிட எளிய ஒன்று. எஃப்எம்10 என்று ஒரு கேமரா 1995 இல் வந்தது நினைவிருக்கிறதா? நம் பக்கத்துக் கல்லூரிகளில் விஸ்காம் படித்த பிள்ளைகள் பலர் அதில்தான் கற்றார்கள். முகப்பில் நிக்கான் என்று இருந்தாலும் அதைச் செய்து கொடுத்தது ஜப்பானின் கொசினா நிறுவனம். கொசினாவிடம் சிடி-1 என்ற ஓர் அடிச்சட்டம் இருந்தது. அதே சட்டத்தின் மேல் முகப்பையும் லென்ஸ் மாட்டும் வளையத்தையும் மாற்றி நிக்கானுக்கு எஃப்எம்10, ஒலிம்பஸுக்கு ஓஎம்-2000, யாஷிகாவுக்கு எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000 என்று பல பெயர்களில் செய்து கொடுத்தார்கள். எனக்கு அதனால் கிடைத்த வசதியைச் சொல்கிறேன்: எஃப்எம்10 இல் ஒரு பாகம் உடைந்தால், யாரும் சீண்டாத வேறு பெயர்க் கேமரா ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்த முடிந்தது. ஷட்டருக்குப் பேட்டரி தேவையில்லை. இரண்டு பொத்தான் பேட்டரிகள் வெளிச்சமானிக்கு மட்டும்.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகக் கேமரா செய்ய வேண்டாம். ஓர் எளிய அடிச்சட்டம், மேலிருந்து கீழாகச் செங்குத்தாக ஓடும் ஓர் எளிய உலோக ஷட்டர், 1/1000 நொடி வரை போனால் போதும். அதை ஒருவர் செய்யட்டும். நிக்கான், கேனான், பென்டாக்ஸ் மூவரும் தங்கள் பழைய லென்ஸ் வளையத்தைப் பொருத்தித் தங்கள் பெயரில் விற்கட்டும். உலகில் கோடிக்கணக்கில் பழைய லென்ஸ்கள் இருக்கின்றன. கேமராவைப் போல அவை சீக்கிரம் சாவதில்லை. பூஞ்சை பிடிக்காமல் வைத்திருந்தால் இன்னொரு தலைமுறை ஓடும். ஆகவே லென்ஸ் செய்யும் செலவே பெரும்பாலும் மிச்சம். பாகங்களுக்கான அச்சு (டை) செய்யும் செலவு, ஷட்டர் உற்பத்தி வரிசை அமைக்கும் செலவு எல்லாம் மூன்று நிறுவனங்களுக்குப் பங்காகும். கொசினா இன்றும் நாகானோவில் லென்ஸ் செய்துகொண்டிருக்கிறது. 2015 வரை பெஸ்ஸா என்ற பிலிம் கேமராக்களையும் செய்தது. இயந்திரங்கள் மாறியிருக்கலாம், ஆட்கள் முழுவதும் மறைந்திருக்க மாட்டார்கள். போட்டி நிறுவனங்கள் இப்படிக் கைகோக்குமா என்று கேட்டால் முன்பே கோத்தார்கள் என்பதுதான் என் பதில். மறுபடி கோப்பார்களா என்பது அவர்களின் கணக்குப் பிள்ளைகள் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் நான் விடாப்பிடியாகக் கேட்பேன். கேமராவோடு பழுதுபார்ப்புக் கையேட்டையும் வெளியிட வேண்டும். பசை வைத்து ஒட்டாமல் திருகு வைத்து முடுக்க வேண்டும். ஷட்டரைத் தனிப் பெட்டகமாகக் கழற்றி மாட்டும்படி வைத்தால் திருச்செங்கோட்டில் இருப்பவர்கூட ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரியைப் போட வேண்டும். எலக்ட்ரோ 35 இன் பாதரச பேட்டரிக்கு என்ன ஆயிற்று என்று மேலே பார்த்தோம். உதிரி பாகங்களை இருபது ஆண்டுகளுக்காவது விற்பனையில் வைத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் வரும் புதிய கேமரா, பதினைந்து ஆண்டுகள் கழித்து என் மேசையில் இன்னொரு மியூ II ஆக வந்து கிடக்கும். அதற்குப் பழைய கேமராவையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

கேமரா இருந்து பிலிம் இல்லாவிட்டால்? கேமராவைவிட இதில்தான் ஆபத்து அதிகம் என்பது என் எண்ணம். பிலிம் என்பது ஒரு நெகிழ்ப்படலத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு ரசாயனத்தை இருட்டில் பூசி எடுப்பது. அந்தப் பூச்சு வரிசையைக் கேமராத் தொழிற்சாலை போலச் சிறிதாக்கி நடத்த முடியாது. ஓட ஆரம்பித்தால் மைல் கணக்கில் ஓட வேண்டும். கோடாக் 2012 இல் திவால் பாதுகாப்பு கோரியது, அதே ஆண்டு எக்டாக்ரோம் என்ற வண்ண ஸ்லைடு பிலிமை நிறுத்தியது. 2018 இல் எக்டாக்ரோம் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த வரிசை உயிரோடு இருந்ததற்குப் பெரிய காரணம், ஹாலிவுட்காரர்கள் சிலர் திரைப்படத்தை பிலிமில்தான் எடுப்போம் என்று பிடிவாதமாக நின்றதும், ஸ்டூடியோக்கள் கோடாக்கோடு ஒப்பந்தம் போட்டதும்தான். இங்கிலாந்தில் இல்ஃபோர்ட் பிலிமைச் செய்யும் ஹார்மன் நிறுவனம் 2023 இறுதியில் ஃபீனிக்ஸ் என்ற வண்ண பிலிமைக் கொண்டுவந்தது. அதுவரை கறுப்பு வெள்ளையிலேயே இருந்தவர்கள் வண்ணத்துக்கு வந்தது, எனக்குத் தெரிந்தவரை, இந்தத் துறையில் சமீபத்தில் வந்த மிக நல்ல செய்தி.

நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையேறினால் போதும். ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960 இல் தொடங்கப்பட்டு 1967 இல் உற்பத்திக்கு வந்தது. தூசியில்லாத குளிர்ந்த காற்று என்பதால் அந்த இடம். ‘இந்து’ பெயர் போட்ட கறுப்பு வெள்ளைச் சுருள்கள் எங்கள் ஸ்டூடியோக்களில் ஓடின; அதன் எக்ஸ்ரே பிலிம் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. தொண்ணூறுகளில் நலிந்தது, பிறகு மெல்ல மூடப்பட்டது. அங்கே வேலை தெரிந்தவர்கள் இன்று ஓய்வுக்காலத்தில் இருக்கிறார்கள். நாளைக்கே யாராவது பணம் போட்டாலும் அந்த ஆலை விட்ட இடத்திலிருந்து தொடங்காது. புதிய கேமராக்கள் விற்றால் பிலிம் விற்கும், பிலிம் விற்றால் பூச்சு வரிசை நிற்காது. பிலிம் தயாரிப்பவர்களுக்கு அடுத்த பத்தாண்டுக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காகவாவது கேமரா நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

விலை பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். சுருள், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 36 படத்தில் ஒரு படத்துக்கு நாற்பது ரூபாயைத் தாண்டுகிறது. பாதிச் சட்டத்தில் எடுத்தால் இருபது. பிலிமில் வெள்ளி இருக்கிறது. வெள்ளி விலை ஏறினால் பிலிம் விலை இறங்காது. ஒரு காலத்தில் எங்கள் இருட்டறையில் பிலிம் கழுவிப் பயன் தீர்ந்துபோன ஹைப்போ கரைசலைக் கேன்களில் சேர்த்து வைப்போம்; அதிலிருந்து வெள்ளி பிரிப்பவர்கள் வந்து காசு கொடுத்து எடுத்துப் போவார்கள். அதில் கொஞ்சம் சேலத்தில் கொலுசாகியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். டிஜிட்டலைவிட பிலிம் மேல் என்று நான் வாதிட வரவில்லை. கல்யாணத்துக்கு டிஜிட்டல்தான் சரி. முகூர்த்த நேரத்தில் படம் விழுந்ததா என்று அப்போதே பார்க்க முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்தக் காலத்தில் தூங்காமல் கிடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிலிம் வேறு வேலைக்கு. மெதுவாக, எண்ணி, கையால் செய்ய விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களுக்குக் கருவி வேண்டாம் என்று ஆகிவிடாது.

கடைசியாகக் கோயம்புத்தூர். 1936 இல் லண்டன் போய் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் பிடித்துவந்த ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் இது. துல்லியத்துக்கு இங்கே குறைவில்லை. நூற்பாலையில் நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று வரை அதிராமல் சுற்ற வேண்டும். அதைச் செய்கிற ஊருக்குக் கேமராவின் பல்சக்கரம் பெரிய சவால் அல்ல. ஆனால் முழுக் கேமரா செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒளியியல் கண்ணாடி வார்ப்பும் லென்ஸ் பூச்சும் இங்கே தொழிலாக இல்லை. ஷட்டர் இலைகளுக்கு வேண்டிய மெல்லிய எஃகுத் தகட்டைச் சிறு அளவில் வாங்குவதும் கடினம். கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஜாப் ஆர்டர் எடுக்கும் பட்டறைக்குப் போய் இருபது சக்கரம் வேண்டும் என்றால், இயந்திரத்தை அமைக்கும் நேரத்துக்கே அது கட்டாது என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்.

செய்யக்கூடியது உதிரி பாகங்கள். எலக்ட்ரோவின் பேட்டரி அடாப்டரைப் பித்தளையில் கடைவது ஒரு சாதாரண லேத் வேலை. கே1000, எஃப்எம்10, எஃப்எக்ஸ்-3 மாடல்களில் அடிக்கடி தேயும் சக்கரங்களை அளந்து வரைந்து, நாட்டில் உள்ள பழுதுபார்ப்பவர்கள் சேர்ந்து ஆயிரம் எண்ணிக்கைக்கு ஆர்டர் கொடுத்தால் பட்டறைக்காரர் மறுக்க மாட்டார். கதவோரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் நுரைப்பட்டையை அச்சு வைத்து வெட்டுவது அதைவிட எளிது. எல்லாவற்றையும்விட எனக்குத் தட்டுப்பாடாக இருப்பது ஷட்டர் திரைத் துணி. திருப்பூர்க்காரர் நீங்கள் என்பதால் உங்களிடமே கேட்கிறேன். பின்னல் துணி உதவாது, இழுத்தால் நீளும். சிறுமுகையில் நெய்வதுபோல நெருக்கமான மெல்லிய பட்டு நெசவு வேண்டும். அதன் ஒரு பக்கம் கறுப்பு ரப்பர் பூச்சு. இரண்டும் சேர்ந்து கால் மில்லிமீட்டருக்கு மேல் கனம் இருக்கக் கூடாது. வெயிலில் பிடித்தால் ஊசிமுனை அளவுகூட வெளிச்சம் தெரியக் கூடாது. சிறு உருளையில் ஆயிரக்கணக்கான தடவை சுற்றி விரித்தாலும் பூச்சு வெடிக்கக் கூடாது, மே மாத வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டவும் கூடாது. துணிக்கு ரப்பர் பூசும் யூனிட் யாராவது இரண்டு மீட்டர் மாதிரி பூசித் தர ஒப்புக்கொண்டால், பழைய கே1000 ஒன்றில் அதைத் தைத்துப் பொருத்தி, எத்தனை ஓட்டம் தாங்குகிறது என்று அளந்து எழுதித் தருவது என் பொறுப்பு.